அளவுக் கொப்பி

கச்சான் காற்று மூன்று நாளாய் நிற்கவில்லை.
மணல் தையல் மெஷினுக்குள்ளும் போகிறது.
வயிற்றில் ஒட்டிய பை
காலை பதினொரு மணிக்கே வியர்த்து ஓரம் கிளம்புகிறது,
நனைந்த கடித உறையில் முத்திரை கிளம்புவதுபோல.

போன வியாழன், கிளினிக் போகிற பஸ்ஸில்
குருக்கள்மடம் தாண்டத் தெரிந்துவிட்டது.
முதலில் சூடு. மறுகா ஈரம். மறுகா
முன் சீட்டுப் பொடியன் ஜன்னலை இழுத்துத் திறந்தான்.
ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லாமல் விட்டதுதான் பஸ் முழுக்கக் கேட்டது.

மட்டக்களப்புக்கு டிக்கெட் எடுத்தவள்
ஆரையம்பதியில் இறங்கினேன்.
சீமெந்துக் கடைக்காரரின் மனைவி
பின்பக்கக் குழாயைக் காட்டினா.
ஏனென்று கேட்கவில்லை. ஒரு துவாய் தந்து
"திருப்பித் தர வேணாம்" என்றா.
பச்சைக் கரை போட்ட துவாய்.
இன்னும் தோய்த்து மடித்து வைத்திருக்கிறேன்.

இரண்டு மாதமாய்த் தோல் எரிகிறது.
தேங்காயெண்ணெய் பூசினேன், பை ஒட்டவில்லை.
குழந்தைப் பவுடரை அள்ளிக் கொட்டினேன்,
மாவில் ஒட்டாத ரொட்டிபோல அதுவும் கழன்றது.
நடந்த வேடிக்கை என்னவென்றால்
குடலின் அந்தச் சிவந்த வாய் தொட்டால் நோவதில்லை.
அதற்கு உணர்ச்சி நரம்பு இல்லையாம்.
சுற்றியிருக்கிற தோலுக்குத்தான் நோவெல்லாம்.
எங்கள் வீட்டில் அருமைத்துரையும் அப்படித்தான்:
குடிப்பது அவர்,
தலையிடி எனக்கு.

ஏறாவூர் மிஸி ஷிபானா
ஈரப்பஞ்சால் மெல்ல மெல்ல உரித்தா.
வெந்து சிவந்த வளையத்தைப் பார்த்தா.
"ஓட்டை எத்தனை வெட்டுறீங்க?"
"முப்பத்தெட்டு. ஒப்பரேஷன் முடிஞ்ச கிழமை
நீங்க கீறித் தந்த மட்டை."
"அது அப்ப வீங்கிக் கிடந்தது.
இப்ப இருபத்தெட்டுக்குச் சுருங்கிட்டு.
சுத்திவர அஞ்சு மில்லிமீற்றர் தோல்
வெறுமனே கிடந்து வேகுது."
மறுகா என் விரலில் ஊசித் தழும்பைக் கண்டுவிட்டா.
"தையல்காரியா? ஆள் மெலிஞ்சா
சட்டையைப் பிடிக்க மாட்டீங்களா?"

இருபத்திரண்டு வருசம் கத்தரிக்கோல் பிடித்தவள்.
பிள்ளை பெற்றவள் வந்தால் இடுப்பைத் திரும்ப அளப்பேன்.
வருத்தம் வந்து எழும்பியவள் வந்தால் தோளைத் திரும்ப அளப்பேன்.
என் வயிற்றை மட்டும்
கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டுத் தடவித் தடவி ஒட்டினேன்.
எரிவைவிட வெட்கம் பெரிதாய் இருந்தது.

வாசலில் வைத்து மிஸி சொன்னதெல்லாம்
பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதினேன்.
வெறும் தண்ணியால் கழுவு. நல்லாக் காயவிடு.
ஒட்டினதும் உள்ளங்கையால் பொத்திப் பிடி, சூடேறட்டும்.
நா வறண்டு சலம் குறைஞ்சால் ஜீவனி கரைத்துக் குடி.
பை காலியாவே கிடந்து வயிறு முறுக்கினால்,
வாய் கறுத்தால்,
அடுத்த வியாழனைப் பார்க்காதே, உடனே வா.
கடைசி வரி மழைத்துளி பட்டு அழிந்துவிட்டது.
அது எனக்குப் பாடம்.

இப்போது விடிய, தேத்தண்ணிக்கு முன்,
அது அடங்கிக் கிடக்கிற நேரத்தில்
கைக்குழி வெட்டுகிற வளைந்த கத்தரியால்
முப்பது வெட்டுகிறேன்.
நூல் அகலம் சுற்றிவர விட்டு.
எரிவு பாதிதான் போயிருக்கிறது.

அளவுக் கொப்பியில்
கோட்டைக்கல்லாறு ரீச்சருக்கும்
தேத்தாத்தீவு மணப்பெண்ணுக்கும் இடையில்
ஒரு பக்கம்:
தவமதி. வயிறு, வலப்பக்கம். 28.
அடுத்த மாதம் திரும்பப் பார்க்க.

இன்று மணப்பெண் கடைசி அளவுக்கு வந்தாள்.
நெஞ்சைச் சுற்றி நாடா பிடித்துக் குனிகையில்
அது வாய்விட்டுக் கத்தியது.
"என்னக்கா சத்தம், பூனையா?"
"இல்ல புள்ள, என்ட வயிறு."
அவள் சிரிப்பதா வேண்டாமா என்று நின்றாள்.
"கையைத் தூக்கு" என்றேன்.
முப்பத்தாறரை.